செம்பரம்பாக்கத்தில் கேட்ட மறுப்பு

ஞாயிறு காலை ஏழு ஐம்பதுக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஆவடி வண்டி ஏறினேன். சாதாரணக் கட்டண வண்டி என்பதால் பெண்களுக்குச் சீட்டு உண்டு, காசு இல்லை. நான் போக வேண்டிய இடம் செம்பரம்பாக்கம். ஆவடிக்கு ஏழு கிலோமீட்டர், அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பத்துச் சொச்சம், அப்புறம் பெங்களூர் சாலையில் இன்னும் ஏழு. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து வந்தாலே அதிகம். இந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

செம்பரம்பாக்கத்தில் இருப்பவள் அம்சா. தொலைநிலைக் கல்வியில் தத்துவம் எம்.ஏ. படித்தபோது என்னோடு படித்தவள். நான் சிவகங்கையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கியிருந்தேன். அவளுடைய அப்பா அம்மா ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவள் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். "பார்ட்ஸ பாத்து பாத்து ஓகே போட்டுகினே இருந்தா மூளை துரு புடிச்சிரும். அதான் சேந்தேன்" என்பாள்.

ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் உட்கார்ந்து படிப்போம். அவளுக்கு உலகாயதம் பிடிக்கும். கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் கட்சி. எனக்கு நியாயமும் வைசேடிகமும், தர்க்கத்தால் கடவுளை நிறுவும் கட்சிகள். எல்லாம் கணந்தோறும் அழியும் என்னும் பௌத்தரின் கணபங்கத்தை அவள் எடுத்தால் நான் மறுப்பேன். என் ஈசுவரனை அவள் கிண்டல் செய்வாள். எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எட்டு இருபதுக்கு ஆவடியில் இறங்கி பூந்தமல்லி வண்டி மாறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. பருத்திப்பட்டு தாண்டி, காடுவெட்டிப் பாலத்தில் கூவம் ஆகாயத்தாமரையால் மூடிக் கிடந்தது. நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வைசேடிகம் 'இல்லை' என்பதையும் ஒரு பொருளாகவே எண்ணும். குயவர் செய்வதற்கு முன் பானை இல்லை, அது முன்னின்மை. அதற்குத் தொடக்கம் கிடையாது, பானை வந்ததும் முடிந்துபோகும். பானை உடைந்தபின் இல்லை; அது பின்னின்மை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அந்தப் பாடத்தை நான் கரைத்துக் குடித்திருந்த மாதத்தில் அம்சாவுக்கு ஐந்தாம் மாதம் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அழாதே அம்சா. பிறக்கவே இல்லையே. இது முன்னின்மைதான். எதையும் நீ இழக்கவில்லை."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் என்னோடு பேசவில்லை. தேர்வுக்கும் வரவில்லை. சில மாதங்களில் அவள் கைபேசி எண்ணும் மாறிவிட்டது.

போன மாசி மாதம் என் அம்மா இறந்தார். துக்கம் கேட்க வந்த அலுவலக நண்பர் ஒருவர், "உடம்புதானே போச்சு, ஆத்மாவுக்கு அழிவில்லை" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சொல் என் மேல் எப்படி விழுந்தது என்பதை அம்சாவிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. அன்றிலிருந்தே அவளைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். காலை எடுத்து வைக்கத்தான் இத்தனை மாதம்.

ஒன்பது ஐந்துக்குப் பூந்தமல்லி. மெட்ரோ தூண்களின் நிழலில் டீ குடித்தேன், பதினைந்து ரூபாய். ஷேர் ஆட்டோவுக்கு முப்பது. நசரத்பேட்டை தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏரி பாக்கவாம்மா? தனியா வந்துகிறியே."

"ஒரு சிநேகிதியைப் பார்க்க."

"போன் பண்ணிட்டு வந்தியா?"

"இல்லை."

"அப்ப கஷ்டம்தான். ஞாயித்துக்கெழம யாரு ஊட்ல கீறாங்க?" என்றார்.

செம்பரம்பாக்கத்தில் இறங்கினால் வழி புரியவில்லை. நாங்கள் நடந்த வரப்புகள் இருந்த இடத்தில் நீலத் தகரம் வேய்ந்த கிடங்குகள். நடுவில் மனைப்பிரிவின் மஞ்சள் கற்கள். பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"கம்பெனி அம்சாவா? தோ, அந்த குடோனு பின்னாடி பச்ச கேட்டு ஊடு."

அம்சா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துக் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"வாங்க. உக்காருங்க."

அந்த 'வாங்க' என்னைச் சுட்டது. நாங்கள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. தண்ணீர் கொடுத்தாள். பெண்ணுக்கு எட்டு வயது, டியூஷன் போயிருக்கிறாள் என்றாள். கணவர் ஷிப்டில். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில் நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"கரைக்குப் போலாம், வாங்க. ஊட்ல வேணாம்."

பத்து மணி வெயில் ஏறியிருந்தது. ஏரி நிறைந்து, தொலைவில் மதகின் பக்கம் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருந்தன. கரைமேல் இருவரும் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள், பாதியிலேயே குழறிவிட்டன. முடிந்ததும் அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தப்பா சொன்ன நீ. மனசு நோகுற மாதிரி சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். உன் பாடத்துபடியே தப்பு."

'நீ' என்றாள்.

"ஸ்கேன்ல நெஞ்சு துடிச்சத நான் பாத்துகீறேன். எங்க ஆளு பாத்தாரு. கண்ணால கண்டா நம்பணும்ல? அவன் இருந்தான். அஞ்சு மாசம் இருந்தான். அப்புறம்தான் இல்லாம போனான். அதுக்குப் பேரு இன்னா?"

"பின்னின்மை."

"அதுக்கு ஆரம்பம் உண்டு. முடிவு?"

"கிடையாது."

"பொண்ணு பொறந்துச்சு. எல்லாரும் இன்னா சொன்னாங்க? அதான் இன்னொண்ணு வந்துடுச்சே, மறந்துடுன்னாங்க. ஒடஞ்ச பானைக்கு இன்னொரு பானை செஞ்சா, ஒடஞ்சது வந்துடுமா பானு? இவ வேற. அவன் வேற." அவள் என் பக்கம் திரும்பினாள். "இத்த பஸ்ல, கம்பெனி லைன்ல, சமைக்கறப்போ, மனசுக்குள்ளயே உங்கிட்ட சொல்லிகினே இருந்தேன். பன்னெண்டு வருசமா. வேற யாருகிட்ட போய்ச் சொல்றது? யாருக்குப் புரியும்?"

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "நீ சொன்னதுதான் சரி. நான் தோற்றேன்" என்றேன். அப்புறம் அம்மா இறந்ததைச் சொன்னேன். காப்பி குடித்தவரின் சொல்லையும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரையும் இங்க இட்டுகினு வா, பேசிக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சாலை வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டாள். ஏறுவதற்குமுன் என் கைபேசியை வாங்கித் தன் எண்ணைப் போட்டு, அதிலிருந்து தனக்கே ஒரு மிஸ்டுகால் கொடுத்துவிட்டுத் தந்தாள்.

பூந்தமல்லியில் ஆவடி வண்டி ஒன்று இருபதுக்குக் கிளம்பியது. என் வீட்டை நினைத்துக்கொண்டேன். ஆறாவது மாடி. ஒரு சுவர் முழுக்கத் தத்துவ நூல்கள். அடித்துப் பேச ஆளில்லாமல் அவற்றில் பாதியை நான் பிரிக்கவே இல்லை. இங்கே கிடங்குகளுக்குப் பின்னால் ஒருத்தி, புத்தகம் இல்லாமலே வழக்கை நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

வண்டி சென்னீர்குப்பத்தைத் தாண்டும்போது கைபேசி அடித்தது. அம்சா.

"பானு, ஒரு டவுட்டு. சாங்கியத்துல புருசன், அதான் ஆத்மா, சும்மா பாத்துகினு மட்டும்தானே கீறான், எங்க ஊட்டுக்காரரு மாதிரி? எல்லா வேலையும் பிரகிருதி, அந்த இயற்கைதானே செய்யுது?"

"ஆமாம்."

"அப்போ ஏங்குறது யாருடி?"

மனமும் புத்தியும் பிரகிருதியின் பகுதி, ஏக்கம் அவற்றுடையது என்ற விடை நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெரியல அம்சா" என்றேன். "நீ சொல்லு."