மருந்து சுமக்கும் தூள்

எங்கள் தொழிலில் சரக்கைவிட அதிலுள்ள ஓட்டைக்குத்தான் மதிப்பு. புதுச்சேரி பக்கம் திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. மணலில் இருக்கிற அதே சிலிக்காவைக் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு மாவு போலச் செய்கிறோம். துளைக்குள் மருந்தை ஏற்றினால், உடம்பெல்லாம் சிந்தாமல் தூள் அதை நோயுள்ள இடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது திட்டம். 'என்ன வேலை பாக்கற?' என்ற கேள்விக்கு விழிக்கும் வாசகர்களே, நீங்கள் என் கட்சி.

சோதனைச் சாவடி

மாதிரித் தூளோடு விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்கு பைக்கில் போனேன். தமிழ்நாட்டு எல்லையில் மது பாட்டில் தேடிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என் தோள்பைக்குள் கையை விட்டார், வந்தது வெள்ளைத்தூள். போதைத்தூள் என்றே நினைத்துவிட்டார். மேனேஜருக்கு போன் போட்டுக் கொடுத்தேன், துளைகளைப் பற்றிச் சொன்னேன்.

"மருந்து எங்க?"

"இன்னும் ஏத்தல சார்."

பையைத் திருப்பிக் கொடுத்தார். "வெறும் ஓட்டைய தூக்கிகினு போற ஆள இன்னிக்குத்தான்பா பாக்கறேன்."

பழுப்பு

துளை வர, சோப்பு மாதிரி ஒன்றைக் கலந்து, பிறகு உலையில் சுட்டு அதை எரித்துவிடுவோம். எரிந்துபோன இடம்தான் துளை. ஒருநாள் மழையில் பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. திறந்தால், சோப்பு முழுசாக எரியாமல் தூள் பழுப்பு. மறுநாள் வாடிக்கையாளர் வருகிறார். உலை பார்க்கும் செல்வி அழுதேவிட்டார். மறுபடி சுட்டோம். வெளுத்தது, சோதித்ததில் துளைகளும் சரி. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பத்தான்பா சோறு எறங்கும்."

பக்கத்து வீடு

பாகூரில் எங்கள் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் கரும்பு போடுகிறவர். அவர் மனைவி மேரியக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஊசி போட்டுப் போட்டு முடியெல்லாம் கொட்டி, குடித்த கஞ்சியும் தங்காமல் கிடந்தார். ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து, "உங்க தூளு கொஞ்சம் குடேன் தம்பி" என்றார்.

அது இன்னும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற சோதனையில்தான் இருக்கிறது, டாக்டர் போடும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவர் எழுந்துபோனார். அன்று எனக்கு என் வேலையே பிடிக்கவில்லை.

சிகிச்சை முடிந்தது. மேரியக்கா தேறிவிட்டார். பொடிப்பொடியாக முளைத்த முடியோடு குழாயடியில் என்னை நிறுத்தினார். "எனக்கு ஒதவலன்னா போவுது. அடுத்தவளுக்காவது முடி கொட்டாம சீக்கிரம் செய்ங்கடா."

எங்கள் மேனேஜராவது மாதம் ஒருமுறைதான் வேலை எவ்வளவு ஆச்சு என்று கேட்கிறார். மேரியக்கா தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் கேட்கிறார்.