எச்சரிக்கையின் கணக்கு மார்க்கு

எங்கள் பள்ளியில் கழிப்பறை கழுவும் ஆயாம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'எச்சரிக்கை'. அதற்குக் காரணம் கணக்கு டீச்சர். பரீட்சையில் நாங்கள் கோட்டை விடும்போதெல்லாம் வராந்தாவிலிருந்து ஆயாம்மாவைக் கூப்பிடுவார். அவர் வாளியை வாசலில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கரும்பலகை ஓரமாக வந்து நிற்பார்.

"கையைக் காட்டுங்கம்மா."

பினாயிலில் ஊறி வெளுத்த கை. நகக்கண்ணெல்லாம் வெடிப்பு.

"பாத்தீங்கல்ல? படிக்கலேன்னா இதுதான். நீங்களே சொல்லுங்கம்மா."

"ஆமா டீச்சர். நான் படிக்கல, ஊர் சுத்தினேன். ஒழுங்கா படிங்க புள்ளைங்களா."

வசனம் மாறவே மாறாது. முன்பிருந்த ஆயா இப்படி வந்து நிற்க முடியாது என்றாராம். அடுத்த மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் மார்க்கு ஏறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஆயாம்மாவின் மகள் என் பெஞ்சுக்கு வந்தாள். ஊழியர் பிள்ளை என்பதால் அவளுக்கு ஃபீஸ் கிடையாது. அம்மாவுக்கு வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு இடம்.

முதல் வாரமே என்னிடம் சொன்னாள்: "எங்கம்மா பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தி நாலு. மார்க் ஷீட்ட சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். ஒரு மார்க்காவது நான் கூட வாங்கணும்."

"அளக்காதடி!"

"சத்தியமா. தாத்தா செத்துட்டாரு, அதோட படிப்ப நிறுத்திட்டாங்க."

நான் நம்பவில்லை. அடுத்த பரீட்சைக்குப் பிறகு டீச்சர் வழக்கம்போலக் கூப்பிட்டார். மகள் உட்கார்ந்திருக்கிறாளே என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. ஆயாம்மா வசனத்தைச் சொல்லி முடித்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"ஆயாம்மா, நீங்க கணக்குல எத்தன மார்க்கு?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தார். டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

"கேக்குறா இல்ல, சொல்லுங்க."

"பெயில் டீச்சர். மூணு மார்க்கு."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. கூடுதலாகச் சிரித்தது நான்தான். பக்கத்தில் அவள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் நகரவே இல்லை.

மாலையில் குழாயடியில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"அந்த மூணு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

"வாயில வந்துச்சு. உனக்கு இந்த ஸ்கூல் வேணுமா, வேணாமா?"

அவள் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஆண்டுப் பரீட்சையில் கணக்கில் அவளுக்குத் தொண்ணூற்றேழு. வகுப்பில் முதல். டீச்சர் அவளைக் கரும்பலகை பக்கம் கூப்பிட்டு நிறுத்தினார், அம்மா நிற்கும் அதே இடத்தில்.

"எது உன்ன இப்படிப் படிக்க வச்சுது? எல்லாரும் கேக்கட்டும், சத்தமா சொல்லு."

வராந்தாவில் துடைப்பச் சத்தம் நின்றது.

"எங்கம்மா மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் டீச்சர்."

டீச்சர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். நாங்கள் ஓய்ந்த பிறகும் வராந்தாவிலிருந்து ஒரு ஈரக் கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் வந்து உட்கார்ந்ததும் குனிந்து கேட்டேன்: "அம்மாதான அப்படிச் சொல்லச் சொன்னாங்க?" ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்றிருந்தது.

"இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"அப்ப அந்த மார்க் ஷீட்டு?"

"கிழிச்சுட்டேன். இனிமே மூணுதான்."