ஒன்பதாவது பூசை

உர்பானா அக்காவை எங்கள் ஊரில் ‘எட்டுப் பூசைக்காரி’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் விடிவதற்கு முன்னால் எங்களுக்குப் பூசை உண்டு. ஒன்பதையும் விடாமல் பார்த்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. பரீட்சை எழுதுகிறவர்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், துபாய் விசாவுக்கு அலைகிறவர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். அக்காவும் வருவாள். எட்டு நாள் முதல் ஆளாக வருவாள். ஒன்பதாம் நாள் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டாள். பதினோரு வருஷம் இதே கதைதான்.

என் பேர் தோயாங். கோயில் வாசலில் மேசை போட்டுப் பூசைக் கருத்து, அதாவது பூசையில் யார் யாருக்காக வேண்டுவது என்று, எழுதுகிறவள். உயிரோடு இருப்பவர்களின் பேர் ஒரு தாளில், செத்தவர்களின் பேர் இன்னொரு தாளில். பூசை தொடங்கும் முன் இரண்டையும் நான்தான் மைக்கில் வாசிப்பேன். அக்காவின் புருஷன் இசகானி ஓர் அக்டோபரில் மீன் பிடிக்கப் போனான். புயல் அடித்தது. கூடப் போன இரண்டு பேரின் உடம்பு கரை ஒதுங்கியது, இவனுடையது ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து அவன் பேரை இருப்பவர்கள் தாளில்தான் எழுதச் சொல்வாள். நானும் மறுபேச்சுப் பேசாமல் எழுதிவிடுவேன்.

ஊர் சும்மா இருக்குமா? தூரத்துப் பலவான் தீவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், மூன்று பிள்ளைகளாம் என்று சந்தையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அக்கா கருவாட்டைக் கட்டிக்கொண்டே, “நல்லா இருக்கட்டும். அந்தப் பொம்பள நேரத்துக்குச் சோறு போடுறாளான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க” என்றாள். கிளப்பினவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

ஏன் எட்டோடு நிறுத்துகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். கடற்கரையில் மூங்கில் தட்டிமேல் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். “ஒம்போதும் முடிச்சுட்டா கேட்டதுக்குப் பதில் வந்தே ஆகணும், தோயாங். அவரு வரலேன்னா அதுவும் பதில்தானே? எட்டோட நின்னா கதவு திறந்தே கிடக்கும்” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கடவுளிடம் போய் இப்படியா கண்ணாமூச்சி ஆடுவது? ஆனால் அன்று இரவு படுத்தபோது அவள்மேல் அவ்வளவு பாசமாக இருந்தது.

போன வருஷம் புதிதாக வந்த பாதர் ரெய்னெரியோ முதல் ஞாயிறே பிடிபிடியென்று பிடித்துவிட்டார். செப்டம்பரிலேயே நட்சத்திர விளக்கைக் கட்டுகிறீர்கள், பாட்டுப் போடுகிறீர்கள், டிசம்பர் வருவதற்குள் கிறிஸ்துமஸ் சலித்தே போய்விடுகிறது, அப்புறம் கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கிற திருவருகைக் காலம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். காத்திருப்பது என்றால் வருகிறவருக்கு இடம் விட்டு வைப்பது, நீங்கள்தான் வீடு முழுக்கச் சாமானை அடைத்து வைத்திருக்கிறீர்களே என்றார். எனக்குக் காது சுட்டது. எங்கள் வீட்டு விளக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே ஏறிவிட்டது. அக்கா வீட்டுக் கூரையில் மட்டும் விளக்கு கிடையாது, அது இசகானி வந்து கட்ட வேண்டியது. இந்த ஊரில் நிஜமாகவே காத்திருக்கிறவள் இவள் ஒருத்திதான் என்று பட்டது.

அந்தப் பாதர்தான் இன்னொரு வேலையும் செய்தார். விடியலில் எழுந்திருக்க முடியாத வேலைக்காரர்களுக்காக அந்த டிசம்பர் பதினைந்தாம் தேதி சாயங்காலமே முதல் பூசையை வைத்தார். அக்கா அன்றைக்குப் பாதர் வீட்டுச் சமையலறைக்குக் கருவாடு கொடுக்க வந்திருக்கிறாள். மணி அடித்தது. வழக்கமான சாயங்காலப் பூசை என்று நினைத்து உள்ளே போய் முழங்கால் போட்டுவிட்டாள். மறுநாள் விடியலிலிருந்து எப்போதும்போல வந்தாள்.

அந்த விடியல்கள் எனக்கு எப்போதும் பாதிக் கனவுதான். கடலும் தெருவும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். வாழையிலையில் வேகிற அரிசி அப்பத்தின் மணம் கோயிலுக்குள் வரைக்கும் வரும். கண்ணை மூடினால் மணிச்சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். பேர்களை வாசிக்கும்போது எந்தத் தாளை வாசிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிடும். இருப்பவர்களும் செத்தவர்களும் ஒரே கூட்டமாக வந்து, ஈரக்காலோடு, கடைசி வரிசையில் நிற்பதாகத் தோன்றும். ஒருநாள் இசகானியைக்கூட அங்கே பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ தேடுகிற மாதிரி நின்றான். தலையை உதறிக்கொண்டு அடுத்த பேரை வாசித்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி பூசை முடிந்து வெளியே வந்தோம். ஆளுக்கொரு குவளை இஞ்சித் தண்ணீர். என் நாக்கில் சனி. “அக்கா, பதினஞ்சு சாயங்காலத்தையும் சேர்த்தா இன்னைக்கு உனக்கு ஒம்போது” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. குவளையைப் படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். நான் பயந்துபோய்ப் பாதரைக் கூட்டிவந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: சாயங்காலப் பூசை மறுநாள் பூசையின் கணக்கிலேயே சேரும், இரண்டும் ஒன்றுதான், உங்களுக்கு எட்டுதான் ஆகியிருக்கிறது அம்மா என்று.

“உங்க கணக்குல எட்டா இருக்கட்டும் பாதர். ஒம்போது தடவ என் முட்டி தரையில பட்டுச்சு, அதுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. இசகானியின் வெள்ளைச் சட்டை துவைத்து இஸ்திரி போட்டு நாற்காலியில் கிடந்தது. அடுப்பில் அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் கஞ்சியும் பலாக்காய்க் குழம்பும். அவள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

பண்டிகை என்பதால் படகுகள் சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தன. வெயிலில் கடல் பால்போல மங்கிக் கிடந்தது. தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், பெரிதாகும், யாராவது ஒருவரின் புருஷன் இறங்குவான், பிள்ளைகள் ஓடிப்போய்த் தோளில் தொங்குவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கா எழுந்து நின்றாள். எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது போலும், ஒரு கட்டத்தில் நானும் எழுந்து நின்றேன். வரட்டுமே, இந்த ஒரு தடவை வந்து தொலையட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். கடைசிப் படகையும் மணலில் இழுத்துப் போட்டார்கள். கடல் காலியாக இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த துண்டை உதறி மணலைத் தட்டினாள். “போய்ச் சேர்ந்துட்டாரு, தோயாங்” என்றாள். பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். அவள் அழவில்லை. ராத்திரி கிறிஸ்து பிறப்புப் பூசைக்குப் பேர் எழுதுகிற நேரமாகிவிட்டது, நட என்றாள்.

கோயில் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. நான் மேசையில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் இருப்பவர்கள் தாளை எடுத்தேன். அவள் அதை நகர்த்திவிட்டு அடுத்த தாளை என் முன்னால் வைத்தாள்.

எனக்குக் கை வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே, பாதரே எட்டுதான் என்று சொல்லியிருக்கிறாரே என்று கெஞ்சினேன்.

“எழுதுடி” என்றாள். “பதினோரு வருஷம் நான் காத்திருந்தேன். இனிமே அவரு காத்திருக்கட்டும், நான் வர்ற வரைக்கும்.”

எழுதினேன்.