அண்ணன் ஏன் மாலை வேண்டாம் என்றார்

என் அண்ணன் நகரசபைத் தலைவராக இருந்த கடைசி நாளில், அவருக்கு மாலை போட்டே அவர் செய்ய நினைத்த காரியத்தைக் கெடுத்தவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்த உறவினர் பலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. அவர்கள் வாங்கிவந்த மாலைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். "சேர்மனா இருந்த மனுசன். கட்டையில போறப்போ கழுத்துல ஒரு மொழம் பூ இல்லாம அனுப்பறதாடா?" என்று அத்தை மகன் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அண்ணனின் விருப்பம் அது என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல அன்று வாய் வரவில்லை. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் கடமை என்னிடம் வந்திருக்கிறது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஒலக்கூருக்குக் கிழக்கே உள்ள சிற்றூரில் அண்ணன் பிறந்தார். எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் விளையும்; மழை தவறினால் அதுவும் இல்லை. அண்ணன் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா விஷக்காய்ச்சலில் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் ஏர் பிடிக்கப் போனார். புத்தகப் பையை என் தோளில் மாட்டி, "இனிமே நீ போ. ரெண்டு பேரும் போனா மாட்டுக்கு யாரு தீனி போடறது?" என்றார். அதற்குப் பிறகு நான் சென்னையில் பி.ஏ. படித்ததும், சட்டம் படித்ததும், திண்டிவனம் கோர்ட்டில் வக்கீலாக நின்றதும் அண்ணன் வெயிலில் நின்றதால்தான். மல்லாட்டை மண்டி வைத்து அவர் முன்னுக்கு வந்தது பின்னால். அண்ணி வந்த சில ஆண்டுகளிலேயே பிரசவத்தில் தாயும் குழந்தையும் போனார்கள். மறுமணம் பற்றிப் பேசியவர்களுக்கு அண்ணன் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவரை நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு தலைவருமானார். அடுத்த தேர்தலில் நானும் உறுப்பினரானேன். எந்த ஊர்ச் சபை என்பது உறவினருக்குத் தெரியும். குற்றம் என்னுடையது, சபையுடையது அல்ல. எனவே ஊர்ப் பெயரை அச்சில் ஏற்றவில்லை.

சபை என்றால் பெரிய விஷயங்கள் நடக்கும் இடம் என்று நினைப்பவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். ஜட்கா வண்டி நிறுத்த இடம், சந்தைக் கேட் குத்தகை, வெறிநாய், துடைப்பம், சாக்கடை மூடி. நிலாக் காலத்தில் தெருவிளக்கு ஏற்றுவதில்லை என்பது அப்போது விதி. ஒரு பௌர்ணமியன்று வானம் மூடி ஊரே இருண்டு கிடந்தது. ஜவுளிக்கடைக்கார உறுப்பினர் ஒருவர் சாக்கடையில் விழுந்து, அடுத்த கூட்டத்துக்குக் காலில் கட்டோடு வந்தார்.

"பஞ்சாங்கத்துல நிலா இருக்குதுன்னு விளக்கு ஏத்தல. வானத்துல இருந்துதா? அத்த யாரு பாக்கறது?" என்றார்.

"அதுக்கொரு ஆளு போடலாங்க. உங்களையே போடலாம், நீங்கதான் அடிக்கடி ராத்திரியில வெளிய போறீங்க" என்றார் மற்றொருவர். சபை சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. அண்ணன் சிரிக்கவில்லை. மேகம் மூடினால் விளக்கு ஏற்றலாம் என்று அன்றே உத்தரவு போட்டார். அவர் நிர்வாகம் அப்படி.

ரயில் லயனுக்கு அப்பால் இருந்த சேரிக்குக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. அங்கிருந்த பெண்கள் எங்கள் தெரு முனைவரை குடத்தோடு வந்து நிற்பார்கள். தெருக் குழாயை அவர்கள் தொடக்கூடாது. யாராவது மனமிரங்கிப் பிடித்து ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் சுடுகாட்டுக் குட்டைத் தண்ணீர்தான். சேரியின் சார்பில் சபைக்கு நியமிக்கப்பட்டிருந்தவர் சவரிமுத்து மேஸ்திரி. மல்லாட்டை மண்டிகளில் மூட்டை தூக்குவோருக்குத் தலைவர். அவர் எல்லாக் கூட்டத்திலும் குழாய் கேட்பார். சபையும் எல்லாக் கூட்டத்திலும் ஆலோசிப்பதாகச் சொல்லும்.

அண்ணன் அந்தக் குழாய்க்காக அலைந்தார். மேலிடத்து அனுமதி வந்து சேர்ந்தபோது அவருக்கு மார்வலி கண்டுவிட்டது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் பதவி விலகுவதாக எழுதிக் கொடுத்தார். அவர் தலைமையில் இன்னும் ஒரு கூட்டம் மட்டுமே இருந்தது. அதில் சேரிக் குழாய்த் தீர்மானத்தை வைத்தார். அண்ணனைத் தவிர்த்து எண்ணினால் இருபக்கமும் சமம். நாற்காலியில் இருப்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

கூட்டத்துக்கு முன்பு துணைத்தலைவர் என் வீட்டுக்கு வந்தார். "வக்கீல் சார், அங்க குழாய் போட்டா நம்ம தெருவுல தண்ணி நூலாத்தான் வரும். உங்க வீட்டுப் பொம்பளைங்களே உங்கள வைவாங்க. அடுத்த சேர்மன் நான்தான், அது முடிஞ்சிபோச்சி. என் இடத்துல உங்கள ஒக்கார வெக்கறேன்" என்றார். அண்ணனை எதிர்த்துக் கை தூக்க என்னால் முடியாது என்றேன். "யாரு தூக்கச் சொன்னது? அண்ணனுக்கு மரியாதை பண்ணுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன மரியாதை என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவரைப் பாராட்டித் தீர்மானம் வந்தால், அவர் நாற்காலியை விட்டு இறங்கி வராந்தாவில் போய் நிற்பார். துணைத்தலைவர் அமர்ந்து தீர்மானத்தை நிறைவேற்றுவார். விடைபெறும் தலைவருக்கு மாலை போட்டுவிட்டால், அவர் மறுபடி அந்த நாற்காலியில் உட்காருவதுமில்லை, வாக்களிப்பதுமில்லை. ஆகவே பாராட்டு எப்போதும் கடைசியில்தான் வரும்.

அன்று கூட்டம் தொடங்கியதும் நான் எழுந்தேன். அவரைப் பாராட்டும் உபசாரப் பத்திரத்தை எழுதியவனும் நானே. அது கையில் இருந்தது. "வழக்கமான விஷயங்கள் எப்போதும் இருக்கின்றன. இன்று தலைவருக்கு நன்றி சொல்வதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். தம்பி அண்ணனைக் கௌரவிக்கிறான் என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன்னைப் பற்றிய பாராட்டைத் தள்ளி வைக்கச் சொல்லவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இறங்கி வராந்தாவுக்குப் போனார்.

பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அண்ணனை அழைத்துச் சம்பங்கி மாலை போட்டார்கள். நான் பத்திரத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். நல்ல தமிழ். மாலையோடு அண்ணன் கதவோரம் நின்றிருந்தபோது, நாற்காலியில் இருந்த துணைத்தலைவர் குழாய் விஷயத்தை எடுத்தார்.

சவரிமுத்து துள்ளி எழுந்தார். "சேர்மன் ஐயா, வந்து ஒக்காருங்க! நீங்க ஒக்காந்தாத்தான் எங்களுக்கு!"

"மால போட்டாச்சிபா!" என்றார் ஒருவர்.

"மேஸ்திரிக்கு மாப்பிள்ளைய மறுபடியும் மணையில ஒக்கார வெக்கணுமாம்!" என்றார் கால் குணமாகியிருந்த ஜவுளிக்கடைக்காரர். கூரை அதிரச் சிரித்தார்கள்.

சவரிமுத்து சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சின்னய்யா, நீங்க சட்டம் படிச்சவரு. அவரு ஒக்காரலாமா கூடாதா, சொல்லுங்க."

உட்காரலாம். அன்று பொழுது சாயும்வரை சட்டப்படி அண்ணனே தலைவர். அந்த அறையில் அதை நிச்சயமாக அறிந்திருந்தவன் நான் ஒருவன். அவர் சட்டத்தைக் கேட்டார்.

"அப்படி வழக்கமில்லை" என்றேன்.

வாக்கெடுப்பில் நான் குழாய்க்கு ஆதரவாகவே கை தூக்கினேன். இருபக்கமும் சமம். நாற்காலியில் இருந்த துணைத்தலைவரின் கூடுதல் வாக்கால் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு கேசரியும் காபியும் வந்தன. சவரிமுத்து சாப்பிடாமல் போனார்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு சேரியில் வாந்திபேதி கண்டது. குட்டைத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மார்வலியோடு ஜட்கா வைத்துக்கொண்டு மருந்து மூட்டையுடன் போய்வந்தார். சவரிமுத்துவின் மனைவி இறந்தார். மருமகளும் இறந்தார். அவர் மகன் கைக்குழந்தையோடு விழுப்புரத்துக்குப் போய் ரயில்வேயில் கூலிக்குச் சேர்ந்தான். அப்போது நான் துணைத்தலைவராகியிருந்தேன். சாவுக்கணக்கைப் பதிந்துகொள்வதும் சபையின் வழக்கமான அலுவல்களில் ஒன்று. அந்தச் சாவுகளைப் பதியும் தீர்மானத்தை நான்தான் முன்மொழிந்தேன்.

பரிகாரம் தேட முயன்றேன். அடுத்த ஆண்டே குழாய்த் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தேன். சாவுகளுக்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் யுத்தம் வந்தது, இரும்புக்குக் கட்டுப்பாடு வந்தது. எழுதி எழுதிக் கை வலித்தது. யுத்தம் முடிந்து, விழுப்புரம் ஜங்ஷனில் குழாய்கள் வந்து இறங்கியபோது நானே போய் நின்று வண்டியேற்றினேன். குழாய் திறந்த அன்று அண்ணனும் வந்தார். மாலை கொண்டுவந்தவர்களை விலக்கிவிட்டு ஓரமாக ஒரு கல்லின் மேல் அமர்ந்தார். சவரிமுத்து திருகினார். உஸ் என்று சத்தம் வந்தது. குடங்களோடு நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"காத்துதாங்க வருது, சின்னய்யா" என்றார் சவரிமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய குழாய்த் துண்டுகளை வைத்தே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருந்தது; தெரு முனைக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக விண்ணப்பம் வரும். ஆட்சேபணை இல்லை என்று நிறைவேற்றுவோம். முதல் குழாய் என் வீட்டுக்கு. கடைக்கோடிக்குப் போய்ச் சேர ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் மிச்சமில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்தபின் எல்லாவற்றையும் சொன்னேன். துணைத்தலைவர் வந்ததை, பாராட்டை முன்னுக்குக் கொண்டுவந்ததை, சட்டம் தெரிந்தே சொல்லாததை. அவர் கண்ணை மூடியபடி கேட்டார்.

"தெரியும்டா" என்றார். "வராந்தாவுல நின்னுக்கினு இருந்தப்பவே தெரிஞ்சிபோச்சி."

"ஏண்ணா ஒரு வார்த்த கேக்கல?"

சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "சட்டம் எனக்கும் தெரியும். உன்ன மாதிரி படிச்சித் தெரிஞ்சிக்கல, சேர்மனா இருந்து தெரிஞ்சிக்கினேன். மாலைய கழட்டிப் போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கலாம். ஒக்காரல. எல்லாரும் நின்னுக்கினு கை தட்டறாங்க... பூ வாசனையா இருந்துதுடா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் செத்தா எம்மேல மால போட விடாத" என்றார்.

என்னை அவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை. என் குற்றத்தில் பாதியை எடுத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. என்னுடையது முழுதாக என்னிடமே இருக்கிறது. அவருடையது அவரோடு போயிற்று.

அண்ணனின் நோயில் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், காரியங்களுக்கு மண்டியை அடைத்துவிட்டு வந்த வியாபாரிகளுக்கும், மாலையை வாசலில் வைத்துவிட்டு மனத்தாங்கலோடேனும் உள்ளே வந்த உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். சவரிமுத்து மேஸ்திரியும் விழுப்புரத்திலிருந்து அவர் மகனும் வெறுங்கையோடு வந்தார்கள். மாலை வேண்டாம் என்று அண்ணன் மேஸ்திரியிடம் முன்பே சொல்லியிருந்தாராம். அவர்களுக்கும் நன்றி. திதியன்று படத்துக்கும் மாலை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் காலமான மாதமே என் வீட்டுக் குழாயை மூடி அடைத்துவிட்டேன். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி, காலையில் கொஞ்ச நேரமாவது குழாயை மூடிவைத்தால் அங்கே தண்ணீர் ஏறும் என்று கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அண்ணன் நினைவாகச் செய்கிறோம் என்றார்கள், காபி கொடுத்தார்கள். இந்த மலரைப் பெறுகிற பலரும் அவர்களில் உண்டு. நேற்று விடிந்ததும் லயனைத் தாண்டிப் போய் அந்தக் குழாயைத் திருகிப் பார்த்தேன்; காற்றுதான் வந்தது. பக்கத்தில் குடம் எதுவும் இல்லை. திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்து ஊற்ற என் வீட்டில் இப்போது குழாய் இல்லை.