அக்காவின் கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி

ஆலங்குடி கடைத்தெருவில் வருஷா வருஷம் கட்டுகிற அந்தப் பிளெக்ஸைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலங்கையில் கொல்லப்பட்டவர்களுக்குக் 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கும்பிடுகிற உள்ளூர்க் கட்சிக்காரர் ஆளுயரம் நிற்பார். செத்தவர்களின் முகங்கள் உள்ளங்கை அகலம். முதன்முதலில் அதைக் கட்டிய வருஷத்தை மட்டும் என்னால் மறக்கவே முடியாது.

அப்போது தையல் கடையில் எனக்கு அடுத்த மிஷின் அக்காவுடையது. இலங்கை அகதி முகாமிலிருந்து வருவார்; கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய கணவரை ராணுவம் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. ஆளும் திரும்பவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு படகேறி வந்த அக்கா பொட்டையும் தாலியையும் விடவில்லை. அதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பேசிய பேச்சிருக்கிறதே! "புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியல, மினுக்குறதுல கொறச்சலில்ல" என்பார்கள், அவர் காதுபடவே. அக்கா தலை நிமிராமல் தைப்பார். எனக்குத்தான் வாய் நமநமக்கும்.

ஒருநாள் அந்தக் கட்சிக்காரர் கடைக்கே வந்தார். "காணாமப் போனவங்களத் தேடச் சொல்லி மனுக் குடுக்கப் போறோம். ஒங்க வீட்டுக்காரர் போட்டோ இருந்தாக் குடுங்க" என்றார். தேடுவார்கள் என்று நம்பி, இருந்த ஒரே படத்தை அக்கா கொடுத்தார்.

அடுத்த வாரமே அந்த முகம் பிளெக்ஸில், மாலையோடு. நியாயம் கேட்கப் போன என்னிடம், "இத்தன வருசம் வராதவரு இனியா வரப்போறாரு? விடுங்கம்மா" என்று சிரித்தார் அந்த மனுஷர். நாசமாய்ப் போக!

மாலையைப் பார்த்தால் போதுமே எங்கள் ஊருக்கு. மறுநாள் காலையில் மூன்று பெண்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். "படத்துக்கு மாலையே போட்டாச்சு. இனி பொட்டோட திரியிறது நல்லால்ல. நாளைக்கு வெள்ளனக் குளத்துக்கு வா, தாலியக் கழட்டிருவோம்" என்றாள் மூத்தவள்.

அக்கா மிஷினை நிறுத்தினார். துணி வெட்டும் கத்தரியோடு விறுவிறுவென்று கடைத்தெருவுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தரையோடு கட்டியிருந்த பிளெக்ஸின் முன் உட்கார்ந்து, மாலையை விட்டுவிட்டு, கணவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். "என்னம்மா பண்றீங்க?" என்று கட்சிக்காரர் ஓடி வந்தார். அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"அவர் செத்திட்டார் எண்டு பிடிச்சுக்கொண்டு போனவன் சொல்லட்டும். நீங்கள் ஆர் சொல்ல?"

பின்னால் வந்து நின்ற மூன்று பெண்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அக்கா இப்போதும் முகாமில்தான் இருக்கிறார், அதே பொட்டோடு. வாங்கிப் போன படத்தை அந்த ஆள் திருப்பித் தரவேயில்லை. கணவரின் முகமென்று அக்காவிடம் இருப்பது அந்தப் பிளெக்ஸ் துண்டுதான். இந்த வருஷமும் போட்டோ கேட்டு முகாமுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.