பேராசிரியர் மட்டமாகப் பறந்த கதை

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் விமானம் ஓட்டும் உரிமத்துக்குப் படித்தவர்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடி ஃப்ளாட்டின் முன்னறைதான் வகுப்பு. லோக்கல் ரயில் போகும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். ஏதோ ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், காய்கறிக்காரரிடம் வங்காளம், எங்களிடம் ஆங்கிலம், கோபம் வந்தால் மூன்றும்.

விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, அதை ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதைத் தவிர. ஒருமுறை டெல்லிக்குப் பயணியாகப் போய் வந்திருந்தார். அதை வகுப்பில் அனுபவம் என்ற பெயரில் அடிக்கடி எடுத்துவிடுவார்.

நான் அங்கே சேர்ந்தபோது கல்லூரி முடித்திருந்தேன். அப்பாவுக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. தூத்துக்குடிக்காரர். மகள் விமானம் ஓட்டப் போகிறாள் என்பதை அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னைக் கேலி செய்வார்.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"ஸ்ட்ரெய்ட் அண்ட் லெவல். நேரா, மட்டமா ஓட்டுறது."

"மட்டமா ஓட்டுறதுக்கு எதுக்குப் படிக்கணும்? நம்ம ஊர் மினிபஸ்காரன் படிக்காமலே ஓட்டுதானே."

பேராசிரியருக்கு இந்தப் பாடம்தான் உயிர். விமானத்தை மேலே தூக்குவது லிஃப்ட், கீழே இழுப்பது எடை, முன்னால் தள்ளுவது த்ரஸ்ட், பின்னால் பிடித்து இழுப்பது டிராக். முதல் இரண்டும் சமம், அடுத்த இரண்டும் சமம். அப்போது விமானம் ஏறாது, இறங்காது, வேகம் கூடாது, குறையாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமாக இருக்கிறது. அவருக்கு துர்கா பூஜை விடுமுறையிலிருந்து கிறிஸ்துமஸ் வரை தேவைப்பட்டது.

டாலிகஞ்சிலிருந்து வரும் ஒரு பையன் ஒருநாள் கேட்டான்: "சார், தள்ளுறதும் இழுக்கிறதும் சமம்னா விமானம் நின்னுடாதா?" நல்ல கேள்விதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தத்தான் கூடுதல் விசை வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இயற்பியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கேள்வி போன அஞ்சு வருஷ பேப்பர்ல வரலை," என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான்.

லிஃப்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். மேலே போகும் காற்றுக்கு தூரம் அதிகம், அதனால் வேகம் அதிகம், அதனால் அழுத்தம் குறைவு, அதனால் இறக்கை மேலே போகிறது. எனக்கு ஒன்று புரியவில்லை.

"சார், ரெண்டும் எதுக்கு ஒரே நேரத்துல சேரணும்?"

"பிரிஞ்சது சேர வேண்டாமா?"

"சேரலேன்னா?"

"ஏம்மா, ஆத்துல இப்படித்தான் எதிர்க்கேள்வி கேட்டுண்டு இருப்பியா?"

மேலே போகும் காற்று கீழே போவதைவிட முன்னதாகவே போய்விடுகிறது, யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதை இரண்டு வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்தேன். அதற்குள் தேர்வில் பேராசிரியரின் பதிலை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். கேள்வித்தாள் தயாரித்தவரும் இப்படி ஒரு முன்னறையில்தான் படித்திருக்க வேண்டும்.

நான் ஓட்டக் கற்ற ஃப்ளையிங் கிளப் நகரத்தின் விளிம்பில். புல்தரை, ஆடுகள், ஒரு கொட்டகை, எப்போதும் பழுதில் இருக்கும் ஒன்றும் எப்போதாவது பறக்கும் ஒன்றுமாக இரண்டு விமானங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விமானப்படையிலிருந்து வந்த ஒரு வங்காளி கேப்டன். தரையில் இருக்கும்போது கால்பந்தைப் பற்றி ஓயாமல் பேசுவார். மேலே போனால் மாணவர்களிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

முதல் பாடம் அதே நேராக, மட்டமாக. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. மூன்று மாதம் படித்த பாடமாயிற்றே. உயரம் காட்டும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தேன். முள் கொஞ்சம் இறங்கியது, கைப்பிடியை இழுத்தேன். ஏறியது, தள்ளினேன். அந்த முள் எப்போதும் விமானத்துக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் பழைய தவறைத் திருத்திக்கொண்டிருந்தபோது விமானம் புதிய தவறுக்குப் போயிருந்தது. கேப்டன் தன் தொப்பியைக் கழற்றி, முட்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

"வெளியே."

வெளியே பார்க்கச் சொன்னார். அடிவானம் தெரிந்தால் விமானத்தின் மூக்கை அதற்குக் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அது ஜனவரி. செங்கல் சூளைப் புகையும் மூடுபனியும் சேர்ந்து, வானமும் பூமியும் ஒரே அழுக்கு வெள்ளையாக இருந்தன. நதி மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு தடுமாறினேன். மூக்கைச் சரியான இடத்தில் வைத்ததும், சீட்டுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தைக் காட்டினார். அதற்கு டிரிம் என்று பெயர். கையில் உணரும் பாரம் போகும்வரை அதைத் திருப்ப வேண்டும்.

"விடு," என்றார்.

விட்டேன். விமானம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாத நோட்ஸில் இந்தச் சக்கரத்துக்கு ஒன்றரை வரிதான் ஒதுக்கியிருந்தார் பேராசிரியர்.

அந்தப் பிப்ரவரியில் கிளப்பின் ஆண்டு விழா. ஷாமியானா, லூச்சி என்கிற மைதா பூரி, ஆலுர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறி, உறுப்பினர்களின் குடும்பங்கள். பேராசிரியர் சிறப்பு விருந்தினர். கோட்டும் டையுமாக மாமியுடன் வந்திருந்தார். ஒரு மணி நேரம் பேசினார். பேச்சின் கடைசியில், "மட்டமாகப் பறப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது. நான்கு விசைகளும் சமமாக இருந்தால் விமானி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை," என்று ஆங்கிலத்தில் முடித்தார். கேப்டன் பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டாவது தட்டு லூச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகழுவிவிட்டு நேராக மேடைக்குப் போனார்.

"வாங்க சார், ஒரு சுற்று போய்ட்டு வரலாம்."

எல்லோர் முன்னாலும் மறுக்க முடியவில்லை. அன்று பறக்கும் நிலையில் இருந்தது நான்கு பேர் உட்காரும் விமானம். என்னையும் பின்சீட்டில் ஏறச் சொன்னார் கேப்டன். மாமி கீழே நின்று, "ஜாக்கிரதையாப் போய்ட்டு வாங்கோ," என்றாள். பேராசிரியர் பெல்ட் மாட்டத் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்.

மேலே போய், கேப்டன் எல்லாவற்றையும் சரியாக அமைத்தார். வேகம், மூக்கு, டிரிம். பின்னர் கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், நீங்க பிடிங்க. உங்க சப்ஜெக்ட்தானே."

பேராசிரியர் பிடித்தார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார். முள் ஒரு மயிரளவு இறங்கியது. இழுத்தார். மூக்கு வானத்தைப் பார்த்தது, வேகம் குறைந்தது. பயந்துபோய்த் தள்ளினார். இப்போது கண்ணாடி முழுக்க நெல் வயலும் குளங்களும். மறுபடி இழுத்தார். சாப்பிட்ட ஆலுர் தம் என் தொண்டைக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. கேப்டன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆறது இதுக்கு?" என்று தமிழில் கத்தினார் பேராசிரியர்.

கேப்டனுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் பதில் சொன்னார். "விடுங்க சார்."

"விட்டா விழுந்துடும்."

"விடுங்க."

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "விட்டுடுங்க சார், ஒண்ணும் ஆகாது," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார். விமானம் ஒன்றிரண்டு முறை மூக்கைத் தூக்கித் தாழ்த்தியது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் குறைந்தது. பிறகு அமைதியாக, நேராக, மட்டமாகப் போக ஆரம்பித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை எடுக்கவில்லை.

கீழே இறங்கியதும் மாமி ஓடி வந்தாள். "எப்படி இருந்தது?"

"மேலே ஏர் பாக்கெட் ஜாஸ்தி," என்றார். "நல்லவேளை, நான் இருந்தேன்."

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. பாடம் அதேதான். ஆனால் வாக்கியங்கள் எல்லாம், "நான் ஓட்டியபோது," என்று தொடங்கின. டெல்லிப் பயணம் ஓய்வு பெற்றுவிட்டது. டாலிகஞ்ச் பையன், "நிஜமாவே நீங்களே ஓட்டினீங்களா சார்?" என்றான். பேராசிரியர் என் பக்கம் கையை நீட்டினார்.

"இவளும் கூட இருந்தா. கேட்டுக்கோ."

"ஆமா," என்றேன். "சார் கைய விட்ட பிறகு ரொம்ப நல்லாப் பறந்துச்சு."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் பெருமையாகத் தலையாட்டினார். "பார்த்தியா? கையை விடற தைரியம் எல்லாருக்கும் வராது."

எனக்கு உரிமம் வந்தபோது எந்த விமானக் கம்பெனியும் ஆள் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கார்டன் ரீச் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பாவின் அலுவலகத்தில், "பொண்ணு எந்த பிளேன் ஓட்டுது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவர் மதியச் சாப்பாட்டுக்கு கேன்டீன் போவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மாணவர்கள் பெருகி, பக்கத்து ஃப்ளாட்டையும் எடுத்திருந்தார். லெவல் ஃப்ளைட் பாடத்தை நான் நடத்தலாம் என்றார்.

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். வேகம் குறைந்தால் அதே லிஃப்டுக்கு மூக்கை இன்னும் தூக்க வேண்டும் என்பதை, ஓடும் டாக்ஸியின் ஜன்னலுக்கு வெளியே கையைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். காற்று ஒரே நேரத்தில் சேர வேண்டிய அவசியமில்லை என்றேன். டிரிமுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தேன். இரண்டாவது வாரம் ஒரு மாணவியின் அப்பா பேராசிரியரிடம் வந்து முறையிட்டார். மகள் மாதிரித் தேர்வில் சரியான பதிலை எழுதித் தோற்றிருந்தாள்.

பேராசிரியர் என்னை உள்ளே கூப்பிட்டார். கோபப்படவில்லை. மாமி கொண்டுவந்த காப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லலை."

"அப்போ சரிதானே சார்?"

"சரிதான். ஆனா சரியானது பாஸ் பண்ணாதும்மா. இங்கே வரவாளெல்லாம் பறக்கறதுக்கா வரா? பாஸ் பண்றதுக்கு வரா."

"பாஸ் பண்ணிட்டுப் பறக்கத்தானே போறாங்க?"

"அதை அந்த கேப்டன் பார்த்துப்பான். அவனுக்கும் ஒரு வேலை வேண்டாமா?"

அந்த மாதத்தோடு நான் நின்றுவிட்டேன். பேராசிரியர் மறுபடியும் தானே அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் அவர் மாணவர்களின் தேர்ச்சி விகிதம் நன்றாக உயர்ந்தது என்று கேள்விப்பட்டேன். இரண்டாயிரங்களின் நடுவில் கம்பெனிகள் திடீரென்று விமானிகளைத் தேடி அலைந்தபோது எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பம்பாய்க்குப் போனேன். அங்கே முதல் பறப்பில், மேலே ஏறி முடித்ததும் அந்த விமானத்தின் கேப்டன் ஒரு பொத்தானை அழுத்தினார். நேராக, மட்டமாகப் பறக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது.

"எதையும் தொடாதே," என்றார். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னார்.