அப்பாவின் பியூட்டர் பேணி

அப்பா படுக்கையில் விழுந்த முதல் நாளே என் மனைவி சொல்லிவிட்டாள். மாமாவுக்குச் சோறு ஊட்டுவாள், உடுப்புத் தோய்ப்பாள், அந்தப் பேணியை மட்டும் தொடமாட்டாள். ஆகவே அது என் தலையில் விழுந்தது.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த காலத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்டன் கொடுத்தது, வெள்ளீயக் கலவையில் வார்த்த, பிடி வைத்த குவளை, பியூட்டர் பேணி. வருடக்கணக்காகக் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. படுக்கையில் விழுந்த பிறகு அதைத்தான் வெற்றிலை துப்பும் படிக்கமாகக் கேட்டார். பாரமென்பதால் கவிழாது, நடுங்கும் கைக்குப் பிடியும் இருக்கிறது. வெற்றிலையை விடும்படி வைத்தியர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை.

காலையில் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவேன். சிவப்புச் சாறு, மேலே மிதக்கும் சளி, அடியில் ஊறிப்போன பாக்குச் சக்கை. கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்தால் அதையே மணமென்று இழுத்து மூச்சு விடுவேன். காலைச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

முதல் கிழமை முழுவதும், குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பேணி தேமல் விழுந்த முதுகுபோலத் திட்டுத்திட்டாகிவிட்டது. பிறகு கைத்தொலைபேசி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் காட்டித்தந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய துணி. புளி கூடாது, அடுப்பில் வைத்தால் உருகிவிடும். கடைசியாகக் கோவா என்கிற முட்டைக்கோசு இலையால் தேய்த்தால் பளபளக்குமாம். அவருடைய பேணிக்குள் யாரும் துப்பியிருக்கமாட்டார்கள். சொன்னபடியே செய்தேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் கோவா வறை சமைத்ததேயில்லை.

மூன்று வருடத்தில் ஒரு நாளாவது மூக்கைப் பொத்தாமல் நான் அதை எடுத்ததில்லை. நான் வந்து நின்றதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். வெளிச்சம் கண்ணில் படுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா செத்ததும் பேணியைக் கடைசித் தடவையாகக் கழுவி, பழையபடி அலுமாரிக்குள் வைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு லண்டனிலிருந்து தங்கச்சி வந்தாள். பேணியைக் கண்டதும் எடுத்து நெஞ்சோடு அணைத்து அழுதாள். அப்பா அதற்குள் துப்பிய கதையைத் தொலைபேசியில் நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அழுது முடித்தவள் நேரே குசினிக்குப் போய் அதற்குள்ளேயே தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். இனியும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

"அதில குடிக்காதை. அப்பா மூண்டு வருசமா அதுக்குள்ளதான் துப்பினவர்."

அவள் பேணியைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"நீங்கள் கழுவினனீங்கள்தானே, அண்ணா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

எனக்கு என்னிலேயே அருவருப்பு வந்தது. கிணற்றடிக்கு ஓடிப்போய்க் குந்தியிருந்து குமட்டி ஓங்காளித்தேன். மூக்கைப் பொத்தக் கை தானாகவே எழும்பியது. இந்தக் கையைப் பார்க்கக்கூடாதென்றுதான் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறார்.